நெறியைத் தேடும் கதிர் ஊசி: மார்பகப் புற்றுநோய் அறுவைக்கு முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அணு மருத்துவப் பிரிவில் டெக்னாலஜிஸ்ட்டாக இருக்கிறேன். மார்பக ஆபரேஷனுக்கு முந்தின நாள் மாலையோ, அன்று காலையோ, அக்குளில் எந்த நிணநீர்க் கணுவை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று காட்டும் ஒரு சின்னக் கதிரியக்க ஊசிக்காகப் பெண்களை எங்கள் பிரிவுக்கு அனுப்புவார்கள். கதவில் ஒட்டியிருக்கும் மஞ்சள் கதிரியக்கச் சின்னத்தைப் பார்த்ததுமே பாதிப் பேருக்கு முகம் வெளிறிவிடும். அவர்களும் கூட வருகிறவர்களும் என்னிடம் கேட்ட கேள்விகள்தான் இவை. எந்தச் சிகிச்சை யாருக்கு என்பதை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் டாக்டர். அவரிடம் தெளிவாகப் பேச இது உதவினால் போதும்.

நிணநீர்க் கணு என்கிறார்கள். நாம் நெறி கட்டுவது என்கிறோமே, அதுவா?

அதேதான். காலில் முள் குத்திப் புண்ணானால் தொடை இடுக்கில் நெறி கட்டும். தொண்டையில் சளிப்பிடித்தால் தாடைக்குக் கீழே கட்டும். அந்தக் கணுக்கள் எப்போதும் அங்கேதான் இருக்கின்றன, வீங்கும்போதுதான் நம் கைக்குத் தட்டுப்படுகின்றன. உடம்பின் திசுக்களில் கசியும் நீரை மெல்லிய குழாய்கள் வாரிக்கொண்டு போகும். வழியில் அதை வடிகட்டி, கிருமிகளைப் பிடித்துவைக்கும் இடங்கள் இந்தக் கணுக்கள். ஒரு பக்க அக்குளில் மட்டும் ஏறக்குறைய 20 முதல் 40 வரை இருக்கும். மார்பகத்தின் நிணநீரில் பெரும்பகுதி அந்த அக்குளுக்குத்தான் போகிறது.

காவல் கணு என்பது எது?

கட்டி இருக்கும் இடத்திலிருந்து கிளம்பும் நிணநீர் முதன்முதலில் போய்ச் சேரும் கணு. சில பேருக்கு ஒன்று, சில பேருக்கு இரண்டு மூன்று.

வயல் பாசனம் தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். மேல் வயலில் இட்ட உரம் தண்ணீரில் கரைந்து ஓடினால், வாய்க்காலில் முதலில் இருக்கிற குட்டைக்குத்தான் முதலில் வரும். அந்தக் குட்டைத் தண்ணீரில் உரம் இல்லை என்றால், கீழே இருக்கும் குட்டைகளிலும் அநேகமாக இருக்காது. புற்று அணுக்களும் நிணநீர் வழியே நகரும்போது அப்படித்தான். முதல் கணுவை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்து, அது சுத்தமாக இருந்தால் மற்றவற்றைத் தொட வேண்டியதில்லை. சிக்கல் என்னவென்றால், முதல் கணு எது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. ஆளுக்கு ஆள் இடம் மாறும். அதைக் காட்டிக்கொடுக்கத்தான் இந்த ஊசி.

எதற்கு இவ்வளவு பாடு? எல்லாக் கணுவையும் எடுத்துவிட்டால் நிம்மதிதானே?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. கேட்கிறவர்கள் பெரும்பாலும் கணவரோ மகனோதான். பயத்தில் கேட்கிறார்கள், புரிகிறது. ஆனால் விலை கொடுக்கப்போவது அந்தப் பெண்ணின் கை.

அக்குள் கணுக்களை மொத்தமாக எடுத்தால் கையிலிருந்து நிணநீர் வடியும் வழி அறுபடுகிறது. பல பேருக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் கணிசமான பேருக்கு மாதங்கள், சில சமயம் வருடங்கள் கழித்துக் கை வீங்க ஆரம்பிக்கும். நிணநீர் வீக்கம் என்பார்கள். பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2013-இல் வெளியான ஓர் அலசலில், மொத்தமாக எடுத்தவர்களில் ஏறத்தாழ 20 சதவீதம் பேருக்குக் கைவீக்கம் வந்திருந்தது. காவல் கணுவை மட்டும் எடுத்தவர்களில் அது 5 முதல் 6 சதவீதம்தான்.

சதவீதத்தைவிட ஓர் அம்மாவின் ரவிக்கை எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது. பல வருடம் முன்பு வேறோர் இடத்தில் ஆபரேஷன் முடிந்து, எலும்பு ஸ்கேனுக்காக எங்களிடம் வந்திருந்தார். வலது கை ரவிக்கை சரியாக இருந்தது. இடது கையில் தையலைப் பிரித்து, நிறம் ஒட்டாத வேறு துணியை நான்கு விரல் அகலத்துக்கு வைத்துத் தைத்திருந்தார். "எந்த ரவிக்கை தச்சாலும் இப்படித்தான் கொடுப்பேன்மா, டெய்லருக்கே பழகிடுச்சு" என்றார். இடது கையில் வளையல் இல்லை, ஏறாது. குடம் தூக்க முடியாது. பூச்சி கடித்தால்கூடக் கை சிவந்து காய்ச்சல் வருமாம். அவர் கணுக்களில் நோயே இருக்கவில்லை என்று பழைய ரிப்போர்ட்டில் இருந்தது. எடுத்துப் பார்த்தபின்தான் அது தெரிந்தது.

அப்போ, மிச்சம் வைப்பதால் உயிருக்கு ஆபத்து கூடுமா? இதை மிகப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். வட அமெரிக்காவில் 5,611 பெண்களை வைத்து நடந்த பி-32 என்ற ஆய்வின் முடிவு 2010-இல் வந்தது. காவல் கணு சுத்தமாக இருந்தவர்களில், மற்றக் கணுக்களையும் எடுத்தவர்கள், அதோடு நிறுத்திக்கொண்டவர்கள் என இரு பிரிவும் ஒரே மாதிரிதான் உயிர் வாழ்ந்தார்கள். கூடுதலாக வெட்டியதில் ஆயுள் கூடவில்லை.

ஊசியில் இருப்பது என்ன மருந்து?

இரண்டு பொருள். ஒன்று டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கத் தனிமம். இன்னொன்று அதைச் சுமந்துபோகும் மிக நுண்ணிய துகள்கள்.

டெக்னீசியத்தை வாங்கி அலமாரியில் வைத்துக்கொள்ள முடியாது, 6 மணி நேரத்தில் பாதியாகிவிடும். அதனால் அதன் தாய்த் தனிமமான மாலிப்டினம்-99 அடைத்த ஒரு ஈயக் கூடு எங்களுக்கு வரும். ஜெனரேட்டர் என்போம். மாலிப்டினத்தின் அரை ஆயுள், அதாவது பாதியாகும் காலம், 66 மணி நேரம். உள்ளே அது சிதைந்து சிதைந்து டெக்னீசியம் ஊறிக்கொண்டே இருக்கும். காலையில் உப்பு நீரை அதன் வழியே இழுத்தால் டெக்னீசியம் மட்டும் கரைந்து வரும். மறுநாள் காலைக்குள் மறுபடி ஊறிவிடும். உலகம் முழுக்க இந்தத் துறையில் இதற்குப் "பால் கறப்பது" என்றுதான் பெயர், ஜெனரேட்டருக்குப் "பசு". 1950-களின் கடைசியில் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் உருவான ஏற்பாடு இது. மாலிப்டினம் சில அணு உலைகளில் மட்டுமே தயாராவதால், 2009-இல் கனடாவின் சாக் ரிவர் உலை ஒரு வருடத்துக்கும் மேல் நின்றபோது உலகெங்கும் ஸ்கேன்கள் தள்ளிப்போயின.

துகளுக்கு எங்களிடம் கந்தகக் கூழ்மம், அதாவது நீரில் மிதக்கும் கந்தக நுண்துகள்கள். கறந்த டெக்னீசியத்தை மருந்துக் குப்பியில் சேர்த்து, ஈயப் பாத்திரத்தோடு கொதிக்கும் நீரில் சில நிமிடம் வைத்து, ஆறவிட்டு, மிக நுண்ணிய வடிகட்டி வழியே செலுத்துவோம். துகளின் அளவுதான் இதில் சூட்சுமம். ரொம்பப் பெரிதாக இருந்தால் குத்திய இடத்திலேயே உட்கார்ந்துவிடும். ரொம்பச் சிறிதாக இருந்தால் ரத்தத்தில் கலந்துவிடும். சரியான அளவில் இருந்தால் நிணநீர்க் குழாயில் நழுவிப்போய்க் காவல் கணுவை எட்டும். அங்கே இருக்கும் பாதுகாப்பு உயிரணுக்கள் அதை விழுங்கி அங்கேயே வைத்துக்கொள்ளும். ஐரோப்பாவில் மனித ஆல்புமின் புரதத்தின் நுண்துகளைப் பயன்படுத்துகிறார்கள். அமெரிக்காவில் 2013-இல் அனுமதி பெற்ற டில்மனோசெப்ட் என்ற மருந்து துகளே அல்ல. கணுவில் இருக்கும் அந்த உயிரணுக்களின் மேல் ஒரு குறிப்பிட்ட ஏற்பியை, அதாவது ஒட்டிக்கொள்ளும் இடத்தை, போய்ப் பற்றிக்கொள்ளும் மூலக்கூறு அது.

கதிரியக்கம் உடம்புக்குள் போனால், அதுவே புற்றுநோயைக் கொண்டுவராதா?

கேட்க வேண்டிய கேள்விதான். அளவைப் பாருங்கள். எலும்பு ஸ்கேனுக்கு இதே டெக்னீசியத்தை ஏறக்குறைய 20 மில்லிகியூரி (மருந்தின் கதிரியக்கத்தை அளக்கும் அலகு) போடுகிறோம். இந்த ஊசியில், அன்றே ஆபரேஷன் என்றால் அரை முதல் 1 மில்லிகியூரி. மறுநாள் என்றால் கொஞ்சம் கூடும். உடம்புக்குச் சேரும் கதிரை மில்லிசீவர்ட்டில் அளப்போம், அது அரை மில்லிசீவர்ட்டைக்கூட எட்டாது. மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் நாம் சாப்பிடும் சாப்பாட்டிலிருந்தும் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் வந்துகொண்டுதான் இருக்கிறது.

அதோடு, ஒரு நாளில் அது பதினாறில் ஒரு பங்காகிவிடும். இரண்டரை நாளில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆபரேஷனில் குத்திய இடத்தையும் கணுவையும் எடுத்துவிட்டால் அதன் பெரும்பகுதி அப்போதே வெளியே போய்விடும்.

இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். இது "கரண்ட் வைப்பது" என்று ஊரில் சொல்லும் கதிர்வீச்சுச் சிகிச்சை அல்ல. இந்த ஊசி எதையும் எரிக்காது, எந்த நோயையும் குணமாக்காது. வழி காட்டும், அவ்வளவுதான்.

எங்கே குத்துவார்கள்? வலிக்குமா?

பெரும்பாலும் மார்புக் காம்பைச் சுற்றிய கருவட்டத்தின் ஓரத்தில், தோலுக்குள். மெல்லிய ஊசி, மருந்தும் சில சொட்டுதான். ஆனால் எறும்பு கடித்தது போலச் சுரீரென்று எரியும். வலிக்காது என்று பொய் சொல்ல எனக்கு மனம் வராது. "பத்து எண்ணுங்க அக்கா, அதுக்குள்ள போயிடும்" என்பேன். அநேகமாக எண்ணி முடிப்பதற்குள் எரிச்சல் அடங்கிவிடும். குத்திய இடத்தை மெதுவாகத் தேய்த்துவிடச் சொல்வோம், மருந்து நகர அது உதவும். இந்த ஊசிக்காக வெறும் வயிற்றில் இருக்க வேண்டியதில்லை. பட்டினி ஆபரேஷனுக்காகத்தான்.

ஊசி குத்துவதால் நோய் பரவிவிடாதா?

"கத்தி பட்டால் பரவும், ஊசி பட்டால் பரவும்" என்ற பேச்சு நம் ஊரில் ஆழமாக ஊறியிருக்கிறது. அதை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டு, கட்டி முற்றிய பிறகு வருகிறவர்களை மாதம் தவறாமல் பார்க்கிறேன். இந்த மருந்தைக் கட்டிக்குள் போடுவதில்லை, தோலுக்குள் போடுகிறோம். மார்பகத்தின் எந்த மூலையில் கட்டி இருந்தாலும் கருவட்டத்தில் போட்ட மருந்து பெரும்பாலும் அதே காவல் கணுவுக்குத்தான் போய்ச் சேர்கிறது. நிணநீர்ப் பாதை அப்படி அமைந்திருக்கிறது.

கேமராவில் என்ன தெரியும்?

காமா கேமரா என்பது எக்ஸ்ரே போல உங்கள் மேல் எதையும் பாய்ச்சுவதில்லை. உங்கள் உடம்பிலிருந்து வரும் கதிர்களை வாங்கிக்கொள்கிறது. சத்தம் இருக்காது, குழாய்க்குள் போக வேண்டியதும் இல்லை. கையைத் தலைக்கு மேல் தூக்கிப் படுக்க வேண்டும், கேமராவின் தட்டையான தலை மார்புக்கு மேலே கொஞ்ச உயரத்தில் வந்து நிற்கும்.

திரையில் முதலில் குத்திய இடம் மட்டும் பளீரென்று எரியும், மற்றதெல்லாம் கறுப்பு. கொஞ்ச நேரத்தில் அதிலிருந்து அக்குளை நோக்கி ஒரு நூல் கிளம்பும். எல்லோருக்கும் நூல் தெரியாது. அப்புறம் நூலின் முனையில் ஒரு புள்ளி மெல்லத் துலங்கும். அதுதான் காவல் கணு. கறுப்பில் புள்ளி மட்டும் இருந்தால் அது உடம்பில் எங்கே என்று சர்ஜனுக்குப் புரியாது. அதனால் கோபால்ட்-57 பூசிய ஒரு பலகையை உடம்புக்குப் பின்னால் சில நிமிடம் வைப்போம். தோள், கழுத்து, மார்பு எல்லாம் நிழலாகத் திரையில் விழும், புள்ளிக்கு ஓர் ஊர் கிடைத்துவிடும். புள்ளிக்கு நேர் மேலே தோலில் மார்க்கர் பேனாவால் ஒரு குறி போடுவோம். அழிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சில பேருக்குப் புள்ளி அக்குளில் இல்லாமல் நெஞ்செலும்பின் ஓரத்தில் வரும். கை வைத்துப் பார்த்து யாராலும் இதைச் சொல்லியிருக்க முடியாது.

ஆபரேஷனில் அதை எப்படித் தேடுகிறார்கள்?

பேனாவைவிடக் கொஞ்சம் தடிமனான ஒரு கருவி. காமா புரோப் என்று பெயர். கதிர் பட்டால் சத்தம் எழுப்பும். அக்குளில் வைத்து நகர்த்தும்போது டொக், டொக் என்று இருந்து, கணுவை நெருங்க நெருங்கச் சத்தம் கூடி, நேர் மேலே வந்ததும் விடாமல் கூவும். சில முறை எங்களைத் தியேட்டருக்குக் கூப்பிடுவார்கள். கணுவை வெளியே எடுத்து, அக்குளுக்கு அப்பால் தூக்கிப் பிடித்துப் புரோப்பை வைத்துப் பார்ப்பார் சர்ஜன், அதுதானா என்று உறுதி செய்ய. அதன்பின் காலியான இடத்தில் மறுபடி புரோப் போகும். அங்கே மிச்சம் கேட்கும் டொக்குகளின் எண்ணிக்கை, எடுத்த கணுவில் கேட்ட எண்ணிக்கையில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கினால்தான் தேடல் முடிந்தது என்று அர்த்தம். அந்த அமைதிக்காக எல்லோரும் காது கொடுத்து நிற்போம்.

இந்த வழியைத் திறந்தவர்களையும் சொல்ல வேண்டும். காவல் கணு என்ற கருத்தை 1977-இல் ஆண்குறிப் புற்றுநோயில் நிறுவியவர் ரமோன் கபானாஸ். 1992-இல் டொனால்ட் மார்டன் மெலனோமா என்ற தோல் புற்றுக்கு நீலச் சாயம் வைத்து அதைத் தேடினார். மறு வருடம் டேவிட் கிராக், மார்பகப் புற்றுநோயில் டெக்னீசியத்தையும் புரோப்பையும் கொண்டுவந்தார். அவர் முதலில் செய்தது 22 பேருக்கு. 18 பேருக்குக் கணு கிடைத்தது.

நீல மருந்து எதற்கு? ஆபரேஷன் முடிந்ததும் சிறுநீர் பச்சையாகப் போகிறதே!

மயக்கம் கொடுத்த பிறகு சர்ஜனே போடும் நீலச் சாயம் அது. புரோப் காதுக்கு, நீலம் கண்ணுக்கு. இரண்டும் சேர்ந்தால் கணு தப்புவது குறையும். சிறுநீர் பச்சையோ நீலமோ ஆவது அதனால்தான், ஓரிரு நாளில் சரியாகும். குத்திய இடத்தில் நீலக்கறை சில வாரம், சில பேருக்கு மாதக்கணக்கில் இருக்கும். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி அந்த நேரத்தில் அளவைக் குறைத்துக் காட்டலாம், மயக்க டாக்டருக்கு அது தெரியும். சாயத்துக்கு அரிதாகச் சில பேருக்குக் கடும் ஒவ்வாமை வரும்.

புள்ளி தெரியவே இல்லை என்றால்?

சில சமயம் நடக்கும். வயது கூடினவர்கள், உடம்பு பருமனானவர்கள், அக்குளில் ஏற்கனவே ஆபரேஷன் ஆனவர்களுக்கு அதிகம். கணு முழுக்க நோய் அடைத்துக்கொண்டிருந்தாலும் மருந்து உள்ளே போகாது. தேய்த்துவிட்டு, கொஞ்சம் பொறுத்து, இன்னொரு படம் எடுப்போம். படத்தில் தெரியாதது தியேட்டரில் புரோப்புக்குக் கிடைப்பதும் உண்டு.

ஒன்றை மறைக்கக் கூடாது: கணு கிடைத்து, அது சுத்தம் என்று வந்தாலும், வேறொரு கணுவில் நோய் தப்பியிருக்கும் வாய்ப்பு கொஞ்சம் உண்டு. பி-32 ஆய்வில், கணுக்களில் நோய் இருந்தவர்களில் 10 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே இப்படித் தப்பியது. அப்படியிருந்தும் ஆயுளில் வேறுபாடு வராததற்கு, பின்னால் வரும் மருந்தும் கதிர்வீச்சும் ஒரு காரணம்.

பெட் ஸ்கேன் எடுத்தாச்சே, அதிலேயே தெரியாதா?

இரண்டும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்பவை. பெட் ஸ்கேனில் போடுவது கதிரியக்கச் சர்க்கரை. எந்தத் திசு அதிகம் சர்க்கரை தின்கிறதோ அது எரியும். இந்த ஊசி நோயைக் காட்டாது, வழியைக் காட்டும். சில மில்லிமீட்டர் அளவே உள்ள நோய்ப்படிவு பெட்டில் தப்பிவிடும். கணுவை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தால்தான் தெரியும். எதிர்ப்பக்கமும் உண்டு. காசநோய் அதிகமுள்ள நம் நாட்டில் டிபி வந்த கணுவும் பெட்டில் புற்று மாதிரியே எரியும். பெட்டில் எரிந்தது என்பதற்காக மட்டும் நோய் பரவிவிட்டது என்று உடைந்துபோக வேண்டாம், அந்தக் கணுவிலிருந்து ஊசியால் கொஞ்சம் திசு எடுத்துச் சோதித்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, தூக்கலாமா?

தூக்கலாம். தனி அறை, தனித் தட்டு எதுவும் தேவையில்லை. தாய்ப்பால் கொடுப்பவராக இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். எங்கள் பிரிவில் ஒரு நாள் பாலைப் பீய்ச்சி ஒதுக்கச் சொல்வோம். கர்ப்பமாக இருந்தாலோ, இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தாலோ ஊசிக்கு முன்பே சொல்லியாக வேண்டும். கதிரின் அளவு மிகக் குறைவு என்பதால் டாக்டர்கள் யோசித்து இதைச் செய்வதுண்டு, நீல மருந்தைத் தவிர்ப்பார்கள்.

காவல் கணுவில் நோய் இருந்தால் எல்லாவற்றையும் எடுத்தே ஆக வேண்டுமா?

முன்பு அப்படித்தான். இப்போது எல்லோருக்கும் இல்லை. மார்பகத்தை முழுக்க எடுக்காமல் கட்டியை மட்டும் நீக்கி, அதற்குப்பின் மார்பகம் முழுவதற்கும் கதிர்வீச்சு பெறுபவர்களில், ஒன்றிரண்டு காவல் கணுவில் மட்டும் நோய் இருந்தால் மிச்சத்தை விட்டுவைக்கலாம் என்று இசட்-0011 என்ற ஆய்வு காட்டியது. 10 வருடம் தொடர்ந்து பார்த்த முடிவு 2017-இல் வந்தது, உயிர் வாழ்வதில் குறைவில்லை. இன்னும் ஒரு படி போய், கட்டி 2 சென்டிமீட்டருக்குள் இருந்து, அக்குள் அல்ட்ராசவுண்டும் சுத்தமாக இருந்தால் காவல் கணுவையே தேட வேண்டாம் என்று இத்தாலியில் தொடங்கிய சவுண்ட் ஆய்வு 2023-இல் சொன்னது. அதாவது சில பேருக்கு எங்கள் ஊசியே தேவைப்படாது. அது எனக்கு மகிழ்ச்சிதான்.

முதலில் கீமோ போட்டுவிட்டார்கள். இது பலிக்குமா?

பலிக்கும், கூடுதல் கவனம் வேண்டும். கீமோவில் பாதைகள் வடுப்பட்டு மாறியிருக்கலாம். அதனால் கதிர், நீலம் இரண்டையும் சேர்த்து, மூன்று கணுவாவது எடுத்துப் பார்க்க முயல்வார்கள். கீமோவுக்கு முன்பே நோய் உறுதியான கணுவில் ஒரு சின்ன உலோகக் கிளிப்பை வைத்து, பின்னால் அதையும் தேடி எடுப்பதும் உண்டு. கீமோ தொடங்கும் முன்பே இதைப் பற்றிக் கேட்டுவிடுங்கள்.

மற்றப் புற்றுநோய்களுக்கும் உண்டா?

மெலனோமா, பெண்ணின் பிறப்புறுப்பு வெளிப்பகுதி, கருப்பை வாய், ஆண்குறி ஆகியவற்றுக்கு உண்டு. நம் ஊரில் புகையிலையால் ஏராளமாக வரும் வாய்ப் புற்றுக்கும் ஆரம்ப நிலையில் செய்யலாம். ஆனால் நாக்கின் அடிப்பக்கத்தில் போட்ட மருந்தின் வெளிச்சம் பக்கத்திலேயே இருக்கும் கழுத்துக் கணுவை மறைத்துவிடும், அனுபவம் வேண்டிய வேலை.

எங்கள் ஊர் மருத்துவமனையில் காமா கேமராவே இல்லை. என்ன செய்வது?

மனதை அறுக்கும் கேள்வி இது, ஏனென்றால் வசதி இல்லாத ஒரே காரணத்தால் சுத்தமான அக்குள் வெட்டப்படுவது இன்னும் நடக்கிறது. கேமரா இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது. மெத்திலீன் புளூ என்ற விலை மலிந்த சாயத்தை மட்டும் வைத்தே பழகின சர்ஜன்கள் காவல் கணுவைக் கண்டுபிடிக்கிறார்கள். அக்குளின் கீழ்ப்பகுதிக் கணுக்களை மட்டும் எடுத்துப் பார்க்கும் முறையை மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையில் ஆராய்ந்து, காவல் கணு முறைக்கு ஈடாக இருக்கிறது என்று காட்டியிருக்கிறார்கள். சர்ஜனைப் பார்க்கும்போது இப்படியே கேளுங்கள்: "டாக்டர், அக்குளில் நோய் இல்லை என்று ஸ்கேன் சொல்கிறது. எல்லாக் கணுவையும் எடுக்காமல் முதல் கணுவை மட்டும் எடுத்துப் பார்க்க முடியுமா? இங்கே முடியாவிட்டால் எங்கே முடியும்?" இந்தக் கேள்விக்குக் கோபப்படும் சர்ஜனை நான் இதுவரை பார்த்ததில்லை.

ஊசிக்கு வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

பயாப்சி ரிப்போர்ட், அல்ட்ராசவுண்டு, மேமோகிராம். முன்பக்கம் திறக்கும் தளர்வான ரவிக்கை அல்லது நைட்டி. கழுத்தில் கனமான சங்கிலி வேண்டாம், படத்தில் நிழல் விழும். மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பவர்கள் கூச்சப்படாமல் சீட்டைக் காட்டுங்கள், சில மாத்திரைகளோடு மெத்திலீன் புளூ சேரக் கூடாது. முன்பு எந்தச் சாயத்துக்காவது தடிப்போ மூச்சுத்திணறலோ வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். கூட ஒருவர் வந்தால் நல்லது. ஊசி போடும் அந்தப் பத்து எண்ணிக்கைக்குக் கையைப் பிடித்துக்கொள்ள.